ஒரே அடி, வெவ்வேறு தீர்ப்பு: ஐஸ் ஹாக்கியில் நடுவர்களும் தண்டனைகளும்

2021 மார்ச் 23 இரவு. நாஷ்வில் பிரிடேட்டர்ஸ் அணிக்கும் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கும் ஐஸ் ஹாக்கி ஆட்டம். நாஷ்வில் வீரர் விக்டர் ஆர்விட்சன் எதிராளியை இடறிவிட்டார் என்று சொல்லி, நடுவர் டிம் பீல் அவரை இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைத்தார். அதன்பிறகு நடுவர் பேசிய ஒரு பேச்சு தொலைக்காட்சி ஒலிபரப்பில் தவறுதலாகக் கேட்டுவிட்டது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் நாஷ்விலுக்கு எதிராகச் சீக்கிரமே ஒரு பெனால்டி கொடுத்துவிட நினைத்தேன் என்ற பொருளில், ஒரு வசைச்சொல்லும் சேர்த்து அவர் பேசியிருந்தார். அந்தக் குரல் தன் நடுவருடையதுதான் என்று உறுதிசெய்துகொண்ட என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்க தேசிய ஹாக்கி லீக், மறுநாளே அவர் இனி எந்த ஆட்டத்திலும் நடுவராக இருக்கமாட்டார் என்று அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை நடத்திய அவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுவதாக இருந்தார்.

லீக் வேறு எதையும் செய்திருக்க முடியாது. ஆனால் பீல் சொன்னது யாருக்கும் புதிய செய்தியாக இருக்கவில்லை. ஆட்டத்தை ‘நிர்வகிப்பது’ என்று ஹாக்கி உலகம் பல தலைமுறைகளாகப் பேசிவரும் பழக்கத்தைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். ஒரு பக்கம் இரண்டு பெனால்டி கொடுத்தால் மறுபக்கம் ஒன்று கொடுத்துச் சமன் செய்வது, ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் விசிலை ஊதாமல் விடுவது, பிளே-ஆஃப் எனப்படும் இறுதிச் சுற்றுகளில் பருவம் தொடங்கும் அக்டோபர் மாதக் குற்றங்களைக் குற்றமாகவே கருதாமல் இருப்பது எல்லாம் இதில் அடங்கும். ஒரு மனிதரை வீட்டுக்கு அனுப்பியதும் விவகாரம் முடிந்ததாக லீக் நடந்துகொண்டது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு ஆழமானது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டியிருக்கிறது.

நடுவர்களுக்கு நியாயம் செய்துவிட்டே தொடங்க வேண்டும். சுமார் 61 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட பனித்தளத்தில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிற பத்து ஆட்டக்காரர்கள் குறுக்கும் நெடுக்கும் பாய்கிறார்கள். கையில் தடி, காலில் கத்தி போன்ற தகடு. பக் என்கிற ரப்பர் வட்டு மணிக்கு 150 கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும். எதிராளியை உடம்பால் மோதி வீழ்த்துவது இங்கே சட்டப்படியான ஆட்டம். அந்த மோதல் தோளில் பட்டதா தலையில் பட்டதா, பக்கை விட்டுக் கால் நொடிக்குள் வந்ததா ஒரு நொடி கழித்து வந்ததா என்பதில்தான் குற்றம் பிறக்கிறது. 1990-கள் வரை இத்தனையையும் ஒரே ஒரு நடுவர் பார்த்தார், உதவிக்கு இரண்டு லைன்ஸ்மன்கள். 1993 மே 27 அன்று லாஸ் ஏஞ்சலஸில் வெய்ன் கிரெட்ஸ்கியின் தடி டொராண்டோ வீரர் டக் கில்மரின் முகத்தைக் கிழித்தபோது நடுவர் கெர்ரி ஃபிரேசர் அதைப் பார்க்கவில்லை. பெனால்டி இல்லை. சிறிது நேரத்தில் கிரெட்ஸ்கியே வெற்றி கோலை அடித்தார். டொராண்டோ ரசிகர்கள் அதை இன்றும் மறக்கவில்லை. ஆனால் அது ஒரு மனிதக் கண் தவறவிட்ட காட்சி, அவ்வளவுதான். அதைப் பெரிய குற்றச்சாட்டாக்குவது சரியில்லை.

கண்ணுக்கு எட்டவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால் இன்னொரு ஜோடிக் கண்ணைச் சேர்த்தால் தீர்ந்துவிடும். லீக் அதைச் செய்தது. 1998-99 பருவத்தில் சில ஆட்டங்களுக்கு ஒரு நடுவர், சிலவற்றுக்கு இரண்டு நடுவர் என்று சோதித்து, பின்னர் எல்லா ஆட்டங்களுக்கும் இருவர் என்று ஆக்கியது. அந்தச் சோதனைப் பருவம் பொருளியலாளர்களுக்குத் தேடினாலும் கிடைக்காத வாய்ப்பாக அமைந்தது. காவலர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் குற்றம் குறையுமா என்ற கேள்வியை ஸ்டீவன் லெவிட் இந்தத் தரவுகளில் சோதித்து, ஆட்டக்காரர்களின் நடத்தையில் குறிப்பிடும்படியான மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதினார். கண்கள் கூடின, ஆட்டம் அப்படியே இருந்தது.

இன்னொரு ஆய்வு இதைவிட உறுத்தலானது. ஜேசன் அப்ரவாயாவும் ராபர்ட் மெக்கல்லக்கும் 2014-இல் வெளியிட்டது. பல பருவங்களின் பெனால்டி வரிசையை எடுத்து அடுத்த பெனால்டி யாருக்குப் போகிறது என்று பார்த்தார்கள். கடைசியாகத் தண்டனை பெற்ற அணியைவிட, அப்போது தப்பித்த அணிக்கே அடுத்தது விழும் வாய்ப்பு தெளிவாக அதிகம். ஓர் அணிக்குத் தொடர்ச்சியாகப் பெனால்டிகள் விழுந்திருந்தால் அந்தச் சாய்வு இன்னும் கூடுகிறது. தண்டனை பெற்ற அணி எச்சரிக்கையாக ஆடுவதும் இதற்கு ஒரு பகுதிக் காரணமாக இருக்கலாம். ஆனால் பீலின் வாயிலிருந்து வந்த வாக்கியத்தையும் இந்த எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சமன் செய்யும் பழக்கத்தை மறுப்பது கடினம். பனித்தளத்தில் நடந்த செயலோடு, ஆட்டத்தின் கணக்குப் புத்தகமும் நடுவரின் விசிலைத் தீர்மானிக்கிறது.

விதிகளை எழுத்துப்படி அமல்படுத்துவது முடியாத காரியம் என்று சொல்வோருக்கு லீகின் சொந்த வரலாறே பதில் சொல்கிறது. 2004-05 பருவம் முழுவதும் தொழில் தகராறில் ஆட்டமே நடக்கவில்லை. திரும்பி வந்தபோது, தடியால் கொக்கி போட்டு இழுப்பது, பிடித்து நிறுத்துவது போன்ற தடங்கல்களை இனிப் பொறுக்க மாட்டோம் என்று லீக் அறிவித்தது. நடுவர்கள் சொன்னபடி விசில் ஊதினார்கள். 2005-06-இல் ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் சராசரியாக ஆறுக்குச் சற்றுக் குறைவான பவர்-ப்ளே வாய்ப்புகள், அதாவது தண்டனையால் எதிரணி ஆள் குறைந்து ஆடும் நேரங்கள், கிடைத்தன. பத்தாண்டுகளுக்குள் அது மூன்றளவுக்கு வந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் புதிய விதிக்குப் பழகியது ஒரு காரணம். விசில் தளர்ந்தது இன்னொரு காரணம் என்று ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். லீக் விரும்பிய ஆண்டில் விதி உயிரோடு இருந்தது.

காயத்தைப் பார்த்துக் குற்றத்தை அளப்பது இதைவிடக் கடுமையான நோய். விதிப்புத்தகத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. தடி உயர்ந்து முகத்தில் பட்டால் இரண்டு நிமிடம், காயம் ஏற்பட்டால் நான்கு நிமிடம். நடைமுறையில் ரத்தம் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். செயல் ஒன்றே, தோலின் கெட்டித்தன்மை தண்டனையை மாற்றுகிறது. 2019 ஏப்ரல் 23 அன்று சான் ஹோசேயில் இந்தத் தர்க்கம் ஒரு பருவத்தையே புரட்டிப்போட்டது. பிளே-ஆஃப் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டம், தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும். பத்து நிமிடம் சொச்சம் மிச்சமிருக்க, வேகஸ் 3-0 என்று முன்னணியில் இருந்தது. வேகஸின் கோடி ஈக்கின் தடியை இரு கையாலும் பிடித்து சான் ஹோசேயின் ஜோ பவெல்ஸ்கியின் மார்பில் தள்ளினார். இன்னொரு வீரர் மீதும் இடிபட்டு விழுந்த பவெல்ஸ்கியின் தலை பனியில் மோதி ரத்தம் கொட்டியது. அந்தத் தள்ளலைப் போல ஓர் ஆட்டத்தில் பல நடக்கும், பெரும்பாலும் விசில்கூடக் கேட்காது. ரத்தத்தைக் கண்ட நடுவர்கள் கூடிப் பேசி ஐந்து நிமிடப் பெரும் தண்டனை கொடுத்தார்கள். அந்த ஐந்து நிமிடத்துக்குள் சான் ஹோசே நான்கு கோல் அடித்தது, கூடுதல் நேரத்தில் 5-4 என வென்றது. தீர்ப்பு தவறு என்று லீக் பின்னர் வேகஸ் அணியிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த இரு நடுவர்களும் அடுத்த சுற்றுக்கு நியமிக்கப்படவில்லை.

அதே பிளே-ஆஃபில், மே 15 அன்று, அதே சான் ஹோசே அணி செயின்ட் லூயிஸுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அடித்த வெற்றி கோலுக்கு முன் பக் கையால் தட்டிவிடப்பட்டிருந்தது. அரங்கமே பார்த்தது, நடுவர்கள் பார்க்கவில்லை, காணொளியில் திரும்பிப் பார்க்க விதியும் இல்லை. லீக் அந்தக் கோடையில் விதிகளை மாற்றியது. பெரும் தண்டனைகளை நடுவர்களே காணொளியில் மறுபார்வை செய்யலாம், இத்தகைய கோல்களைப் பயிற்சியாளர்கள் கேள்வி கேட்கலாம் என்றது. நல்ல மாற்றம்தான். ஆனால் கொடுத்த தண்டனையைத்தான் அது திருத்தும். கொடுக்காமல் விட்ட தண்டனைக்கு இன்னும் வழியில்லை.

இதுவரை பேசியது ஆட்டம் நடக்கும்போது வழங்கப்படும் தீர்ப்புகளை. ஆட்டம் முடிந்தபின் லீக் அலுவலகம் வழங்கும் தடைகளும் அபராதங்களும் வேறு கதை. அங்கே வேகத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. எத்தனை கோணத்திலும் எத்தனை முறையும் திரும்பப் பார்க்கலாம், யோசிக்க நாட்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் முரண்பாடு அங்கேதான் மிக மோசம்.

2012 பிளே-ஆஃபின் முதல் சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நாஷ்விலின் ஷே வெபர் ஆட்டம் முடியும் தறுவாயில் டெட்ராய்டின் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க்கின் தலையைக் கையால் பிடித்துக் கண்ணாடித் தடுப்பில் அறைந்தார். ஸெட்டர்பெர்க்குக்குப் பெரிய காயம் இல்லை. வெபர் நட்சத்திர வீரர். 2,500 டாலர் அபராதத்தோடு விட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஃபீனிக்ஸின் ராஃபி டோரஸ் குதித்தெழுந்து சிகாகோவின் மேரியன் ஹோசாவின் தலையில் மோதினார். ஹோசா தூக்குப்படுக்கையில் போனார். டோரஸ் ஏற்கெனவே பலமுறை தண்டனை பெற்றவர். அவருக்கு 25 ஆட்டத் தடை, பின்னர் 21 ஆகக் குறைந்தது. இரண்டையும் தீர்மானித்தது ஒரே மனிதர், பிரெண்டன் ஷானஹன். டோரஸுக்குக் கொடுத்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெபர் செய்ததில் ஹாக்கியின் சாயல்கூட இல்லை. பக்குக்காக நடந்த மோதலாக இருந்தால் தவறான கணிப்பு என்றாவது சொல்லலாம். அது வேண்டுமென்றே ஒருவர் தலையைப் பிடித்துச் செய்த வன்முறை. காயம் நேரவில்லை என்பது வெபரின் நல்ல நேரம். அவருடைய நல்ல நேரத்துக்கு லீக் சலுகை கொடுத்தது.

ஷானஹனுக்கு முன் 1998 முதல் 2011 வரை இந்தப் பொறுப்பை வகித்தவர் கோலின் கேம்பல். அவர் காலத்தின் கறை மார்க் சவார்ட் விவகாரம். 2010 மார்ச் 7 அன்று பிட்ஸ்பர்க்கின் மாட் குக், பாஸ்டனின் சவார்ட் பார்க்காத பக்கத்திலிருந்து வந்து தோளால் தலையில் மோதினார். பனித்தளத்தில் பெனால்டி இல்லை, பின்னரும் தடை இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன் ஃபிலடெல்ஃபியாவின் மைக் ரிச்சர்ட்ஸ் ஃபுளோரிடாவின் டேவிட் பூத்தை ஏறக்குறைய இதேபோல் வீழ்த்தியபோதும் தடை விதிக்கவில்லை. தோளால் தலையில் மோதுவதைத் தடுக்கும் விதி அப்போது இல்லை என்பதே விளக்கம். முன்பு தவறவிட்டதால் இப்போதும் தவறவிடுவதுதான் ஒரே சீரான நீதி என்று ஆகிவிட்டது. அந்த மாதமே பருவத்தின் நடுவில் அவசரமாக விதி எழுதப்பட்டது. பார்க்காத பக்கத்திலிருந்து தலையைக் குறிவைக்கும் மோதலை அது தடைசெய்தது, 48-ஆம் விதி என்று இன்று அறியப்படுகிறது. சவார்ட் அந்த அடிக்குப் பின் கொஞ்ச காலம் திரும்பி வந்தார். 2011 ஜனவரியில் இன்னொரு மோதலோடு அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

அதற்கு முன், 2010 நவம்பரில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட டீன் வாரன் என்ற நடுவர் ஒன்டாரியோவின் தொழிலாளர் உறவு வாரியத்தில் தொடுத்த வழக்கின் ஆவணங்களிலிருந்து கேம்பலின் பழைய மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. அவருடைய மகன் கிரெகரி அதே லீகில் ஆடிக்கொண்டிருந்தார். மகனுக்கு எதிரான நடுவர் முடிவைப் பற்றிக் குறைப்பட்டும், சவார்டை நடிப்புக்காரர் என்ற பொருளில் இகழ்ந்தும் அவர் எழுதியிருந்தது தெரியவந்தது. மகன் அணி சம்பந்தப்பட்ட தண்டனை விசாரணைகளில் தான் தலையிடுவதில்லை என்பது அவர் நிலை. லீகும் அவரைக் காத்து நின்றது. குக் தப்பித்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நடுவர்களுக்கும் மேலே அமர்ந்திருக்கும் ஒருவர், தன் பிள்ளை ஆடும் ஆட்டத்தின் பெனால்டி பற்றி நடுவர் நிர்வாகத்துக்கு எழுதுவதை எந்த அமைப்பும் அனுமதித்திருக்கக் கூடாது. வேலை போகுமோ என்ற பயத்தோடு விசில் ஊதும் நடுவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது எப்படி?

தண்டிப்பவர் லீகின் சம்பளக்காரராகவே இருப்பது பழைய சிக்கல். 1955 மார்ச் 13 அன்று பாஸ்டனில் மாண்ட்ரியலின் மோரிஸ் ரிஷார், தன்னைத் தடியால் காயப்படுத்திய எதிராளியைத் திருப்பித் தாக்கி, விலக்க வந்த லைன்ஸ்மனையும் குத்தினார். லீகின் அப்போதைய தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் எஞ்சிய பருவம், பிளே-ஆஃப் முழுவதற்கும் தடை போட்டார். நடுவரைக் குத்தியவருக்கு அது அதிகமில்லை. ஆனால் ஆங்கிலம் பேசும் முதலாளிகளின் அதிகாரத்தின் கீழ் புழுங்கிக்கொண்டிருந்த பிரெஞ்சு கனடியர்கள் அதைத் தங்கள் மீது விழுந்த அடியாக எடுத்துக்கொண்டார்கள். மார்ச் 17 அன்று கேம்பல் மாண்ட்ரியல் அரங்கத்துக்கு வந்து அமர்ந்ததும் கலவரம் வெடித்தது. கண்ணீர்ப் புகைக்குண்டு வீசப்பட்டது, ஆட்டம் நின்றது, செயின்ட் கேத்தரின் தெருக் கடைகள் சூறையாடப்பட்டன. தீர்ப்பு சரியாகவே இருந்தாலும், தீர்ப்பளிப்பவர் ஒரு தரப்பின் ஆள் என்று மக்கள் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எழுபது ஆண்டு பழைய சாட்சி அது.

இன்றைய ஏற்பாட்டில், ஆட்டக்காரர் பாதுகாப்புத் துறை தண்டனை விதிக்கும். மேல்முறையீடு முதலில் லீகின் ஆணையர் கேரி பெட்மனிடம் போகும். அவர் தலைமையிலான அலுவலகத்தின் முடிவை அவரே விசாரிப்பார். 2013-இல் வந்த தொழில் ஒப்பந்தம், ஆறு ஆட்டமோ அதற்கு மேலோ தடை என்றால் வெளியிலுள்ள நடுநிலைத் தீர்ப்பாளரிடம் போகலாம் என்று ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவு எப்படி வேலை செய்தது என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும். 2016 ஜனவரி 27 அன்று கால்கரியின் டென்னிஸ் வைட்மன், தலையில் அடிபட்டுத் தள்ளாடி வெளியே போகும் வழியில் லைன்ஸ்மன் டான் ஹெண்டர்சனைப் பின்னாலிருந்து தடியால் தள்ளி வீழ்த்தினார். 20 ஆட்டத் தடை. பெட்மன் உறுதிசெய்தார். நடுநிலைத் தீர்ப்பாளர் ஜேம்ஸ் ஓல்டம் அதைப் பத்தாகக் குறைத்தார். அதற்குள் வைட்மன் 19 ஆட்டம் வெளியே இருந்துவிட்டார். லீக் தீர்ப்பாளரையே பதவியிலிருந்து நீக்கி, தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றது. ஹெண்டர்சன் பனித்தளத்துக்குத் திரும்பவே இல்லை. அடுத்தது வாஷிங்டனின் டாம் வில்சன். 2018-இல் 20 ஆட்டத் தடை, பெட்மன் உறுதிசெய்தார், நடுநிலைத் தீர்ப்பாளர் 14 ஆக்கினார், அவர் ஏற்கெனவே 16 ஆட்டம் இழந்திருந்தார். நீதி தாமதமாக வந்ததால் அதிகமாகத் தண்டிக்கப்பட்டவருக்குச் சம்பளம் திரும்பியது, ஆட்டங்கள் திரும்பவில்லை.

வில்சனை அனுதாபத்துக்குரியவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2021 மே 3 அன்று நியூயார்க்கில், பனியில் குப்புறக் கிடந்த ரேஞ்சர்ஸ் வீரர் பாவெல் புச்னேவிச்சின் தலையில் குத்தினார். பின்னர் தலைக்கவசம் இல்லாத ஆர்டெமி பனாரினைப் பிடித்துத் தரையில் அடித்தார். பனாரின் அந்தப் பருவத்தில் மீண்டும் ஆடவில்லை. லீக் விதித்தது 5,000 டாலர் அபராதம் மட்டுமே. ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டாலர் வாங்குபவருக்கு! பாதுகாப்புத் துறைத் தலைவர் ஜார்ஜ் பாரோஸ் அந்தப் பொறுப்புக்குத் தகுதியற்றவர் என்று ரேஞ்சர்ஸ் அணி பகிரங்கமாக அறிக்கை விட்டது. அந்த அறிக்கைக்காக அணிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 2,50,000 டாலர். ஒருவர் தலையில் குத்துவதைவிட, குத்தியவரைத் தண்டிக்காதவரைக் குறைசொல்வது ஐம்பது மடங்கு பெரிய குற்றம் என்று லீகே விலைப்பட்டியல் போட்டுக் காட்டியது. இரண்டு நாள் கழித்து அதே அணிகள் மோதின. பக் கீழே விழுந்த முதல் நொடியில் மூன்று சண்டைகள், முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆறு. லீக் தண்டிக்கவில்லை என்றால் நாங்கள் தண்டிக்கிறோம் என்று ஆட்டக்காரர்கள் சொன்ன பதில் அது.

பழிவாங்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை லீக் 2004-லேயே பார்த்திருக்கிறது. அந்த பிப்ரவரியில் கொலராடோவின் ஸ்டீவ் மூர் வான்கூவர் அணித்தலைவர் மார்கஸ் நாஸ்லண்டின் தலையில் மோதினார். பெனால்டியும் இல்லை, தடையும் இல்லை. வான்கூவர் வீரர்கள் கணக்குத் தீர்ப்பது பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். மார்ச் 8 அன்று டாட் பெர்டூஸி மூரைப் பின்னாலிருந்து குத்தி, அவர் மேலேயே பனியில் விழுந்தார். மூரின் கழுத்தில் மூன்று முள்ளெலும்புகள் முறிந்தன. அவர் அதன்பின் ஆடவே இல்லை. பெர்டூஸி குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். லீக் கணக்கில் அவர் இழந்தது 20 ஆட்டம். முதல் மோதலை லீக் முறையாக விசாரித்து ஒரு தண்டனை கொடுத்திருந்தால் இரண்டாவது நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பழிக்கான சாக்கு ஒன்று இல்லாமல் போயிருக்கும்.

மூளையில் விழும் அடி எலும்பு முறிவைப் போல ஆறிவிடுவதில்லை. முன்னாள் வீரர்கள் தொடுத்த மூளை அதிர்ச்சி வழக்கில் 2018-இல் லீக் ஏறக்குறைய 1.9 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது, பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல்.

என்ன செய்யலாம் என்பதற்குப் புதிதாகக் கண்டுபிடிக்க ஏதுமில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. 2015 முதல், நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிட முடிவுகளில் எது சரி எது தவறு என்று மறுநாளே பொதுவில் வெளியிடுகிறது. நம் வாசகர்களுக்குத் தெரிந்த கிரிக்கெட்டில், குற்றங்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, 2016 முதல் அபராதப் புள்ளிகளாகச் சேர்ந்து, 24 மாதத்தில் நான்கைத் தொட்டால் தடையாக மாறுகின்றன. அதிலும் சச்சரவுகள் உண்டு. ஆனால் எந்தக் குற்றத்துக்கு என்ன விலை என்பது ஆட்டக்காரருக்கு முன்கூட்டியே தெரியும். ஷானஹன் 2011-இல் ஒவ்வொரு தடைக்கும் காணொளி விளக்கம் வெளியிடத் தொடங்கியது நல்ல முன்னேற்றம், அது இன்றும் தொடர்கிறது. தடை விதிக்காமல் விட்ட மோதல்களுக்கும் அதே விளக்கம் வர வேண்டும். ரசிகரும் ஆட்டக்காரரும் அறிய விரும்புவது அதைத்தான்.

என் தீர்ப்பு இது. தண்டனைத் துறையை ஆணையரின் கையிலிருந்து எடுத்து, லீகும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து நியமிக்கும் தனிக் குழுவிடம் கொடுக்க வேண்டும். காயத்தை விட்டுச் செயலை அளக்க வேண்டும். மேல்முறையீடு தடைக்காலம் முடிவதற்குள் முடிய வேண்டும். நடுவர்களின் ஆட்ட மதிப்பீடுகள் வெளியே வர வேண்டும். ஜூன் மாத இறுதிப் போட்டியிலும் அக்டோபர் மாத முதல் ஆட்டத்திலும் ஒரே விதி ஒரே கண்ணோடு பார்க்கப்பட வேண்டும். இவை எதற்கும் பெரும் செலவில்லை. பெட்மன் 1993 முதல் ஆணையராக இருக்கிறார், தன் அலுவலகம் விதிக்கும் தண்டனைகளுக்கான முதல் மேல்முறையீட்டை இன்றும் அவரேதான் விசாரிக்கிறார்.